தங்கிய பெயர்

"சீன தேசத்துக்குப் போய் வந்தீர்களே, நம் இதழுக்கு ஒரு கட்டுரை எழுதக் கூடாதா?" என்று சங்கத்து அன்பர்கள் எங்களைச் சந்திக்கும்போதெல்லாம் கேட்பதுண்டு. நாங்கள் போய் வந்தது 2019-ஆம் ஆண்டு அக்டோபரில். இத்தனை காலம் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. அந்தப் பயணத்தைப் பற்றி எழுதப் புகுந்தால், அதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியையும் எழுத வேண்டியிருக்கும். அது எங்களுக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால், தண்டவாளம் இல்லாத ஊருக்குப் பயணச்சீட்டு எழுதியதுபோல் ஆகிவிடும். ஆகவே இரண்டையும் எழுதுகிறோம்.

இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது, இரயில்வே எழுத்தர் ஒருவரையும் அவர் இல்லத்தரசியையும் குறிக்கும். அலுவலகத்தில் நெடுங்காலம் கடிதம் எழுதிப் பழகிய கைக்கு 'நான்' என்று எழுத வருவதில்லை. தவிர, இதில் சொல்லப்படும் குற்றம் ஒருவருடையதாயினும், பாடம் இருவருக்கும் உரியது.

எங்கள் தந்தையார் மாயவரத்துக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து கரக்பூருக்கு இரயில்வே வேலைக்கு வந்தவர். பணியில் இருக்கும்போதே 2007-இல் காலமானார். பத்தாம் வகுப்பு தேறியிருந்த எங்களுக்கு அந்தக் கருணை அடிப்படையில் எழுத்தர் வேலை கிடைத்தது. தாயார் எங்களோடு குவார்ட்டர்ஸில் இருந்து, பேத்தியை வளர்த்து, 2019-இன் தொடக்கத்தில் மூட்டுவலி காரணமாக ஊருக்குத் திரும்பித் தம் தம்பி வீட்டில் தங்கினார்.

பாட்டி போன மறுமாதம், அப்போது எட்டு வயதுடைய எங்கள் மகள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். நோட்டுப் புத்தகத்தின் நடுத்தாளை எடுத்துப் பக்கம் நிரம்ப எழுதி, மூலையில் ஒரு பூனையும் வரைந்திருந்தாள். வாங்கிப் பார்த்தால் எழுத்தெல்லாம் இந்தி. படித்துப் பார்த்தால் பேச்செல்லாம் தமிழ்! "பாட்டி, நீ எப்போ வருவே? முருங்கை மரத்திலே பூ வந்திருக்கு" என்பதை அப்படியே இந்தி எழுத்தில் வைத்திருந்தாள். பள்ளியில் கற்றது அந்த எழுத்து. வீட்டில் கேட்டது இந்த மொழி. குழந்தை இரண்டையும் சேர்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

எங்களுக்கு வந்ததோ கோபம். ஞாயிறுதோறும் சங்கத்துத் தமிழ் வகுப்புக்கு அனுப்பியும் இப்படியா என்ற எண்ணம். "தமிழ் எழுத்தில் எழுது, இல்லாவிட்டால் எழுதாதே" என்று சொல்லி அந்தத் தாளை நான்காகக் கிழித்தோம். எங்களில் கிழித்தது யார் என்று கேட்பீர்களானால், மாதாமாதம் சம்பளப் பட்டியல் எழுதும் கைதான். குழந்தை அழவில்லை. பென்சிலை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினாள். அதன் பிறகு தொலைபேசியில் பாட்டியோடு பேசுவாள், எழுதுவது நின்றுவிட்டது.

செய்தி எப்படியோ தாயார் காதுக்குப் போயிற்று. "ஏனப்பா கிழித்தாய்? எழுத்து எதுவானால் என்ன, அதில் அவள் பேச்சு இருந்ததே!" என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை. மனத்துக்குள், 'பாட்டிமார் அப்படித்தான் செல்லம் கொடுப்பார்கள்' என்று நினைத்துக்கொண்டோம்.

அவ்வாண்டுப் பூஜை விடுமுறையில்தான் சீனப் பயணம் வாய்த்தது. இல்லத்தரசியின் தம்பி அப்போது ஷாங்காய் நகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தான், நான் இங்கே இருக்கும்போதே ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்" என்று இரண்டு வருஷமாக அழைத்து, விமானக் கட்டணத்தில் பாதியையும் தாமே ஏற்றார். அலுவலகத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்னும் சான்று பெற்று, கல்கத்தாவிலிருந்து குன்மிங் வழியாக ஷாங்காய் சேர்ந்தோம்.

ஷாங்காயின் வானளாவிய கட்டடங்களைப் பற்றி எழுதப் போவதில்லை. அவற்றைப் படத்தில் பார்க்காதவர் இல்லை. எங்கள் மனத்தில் தங்கியது அங்கிருந்து அரை மணி நேர இரயில் பயணத்தில் உள்ள சூசோ நகரத்துச் சோலை ஒன்று. கால்வாய்களும் கல்பாலங்களும் நிறைந்த அப்பழைய நகரில் அறிஞர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் தம் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்ட சோலைகள் பல இருக்கின்றன. அவற்றுள் நான்கை 1997-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. 2000-இல் மேலும் ஐந்தைச் சேர்த்தது. முதல் நான்கில் ஒன்று, மேற்கு வாசலுக்கு வெளியே உள்ள லியு யுவான். 'யுவான்' என்றால் சோலை. 'லியு' என்றால் என்ன என்பதில்தான் இக்கட்டுரையே அடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

வாசலில் நுழைந்ததும் எங்களுக்கு ஏமாற்றம். சோலை எங்கே? இரு பக்கமும் உயர்ந்த வெள்ளைச் சுவர். நடுவே ஒடுங்கிய நடை. தலைக்கு மேலே அங்கங்கே ஒரு சதுர வானம். வீட்டுக்குள் நுழையாமலே விருந்தினர் சோலைக்கு வருவதற்காக இரு கட்டடங்களுக்கு நடுவே விட்ட வழியாம். ஏறக்குறைய 50 மீட்டர் தூரம் இப்படியே வளைந்து வளைந்து போயிற்று. ஓரிடத்தில் இருட்டு, ஓரிடத்தில் வெளிச்சம். "மாமா, வழி தவறிவிட்டோமா?" என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்வி முடிவதற்குள் ஒரு சுவர் எதிர்ப்பட்டது. அதில் வரிசையாகச் சன்னல்கள். ஒவ்வொன்றிலும் ஒருவிதப் பின்னல். பின்னலின் இடுக்கில் நீர் பளபளத்தது. இன்னும் நாலு அடி நடந்து திரும்பினோம். குளமும் குன்றும் மண்டபமும் மரமும் ஒரே சமயத்தில் கண்முன் விரிந்தன. இருட்டில் நடத்தி வந்தது இந்த ஒளியைக் காட்டத்தான் என்பது அப்போது விளங்கிற்று.

சோலையின் மொத்தப் பரப்பு சுமார் 2.3 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய ஐந்தே முக்கால் ஏக்கர். அதிலும் மூன்றில் ஒரு பங்கு கட்டடம். ஆனால் அரை நாள் நடந்தும் எங்களுக்கு முடியவில்லை. காரணம், எந்த இடத்தில் நின்றாலும் முழுவதும் தெரியாது. ஒரு சுவர் மறைக்கும். அச்சுவரில் ஒரு சன்னல் சிறிது காட்டும். காட்டியதைத் தேடிப் போனால் வழி வேறு பக்கம் திரும்பும். கூரை போட்ட நடைபாதை மட்டும் 700 மீட்டர் நீளம் ஓடுகிறது. மழை பெய்தாலும் நனையாமல் சோலை முழுவதும் சுற்றலாம். அதன் சுவர்களில் புகழ்பெற்ற கையெழுத்துக்களைச் செதுக்கிய கற்கள் முந்நூறுக்கு மேல் பதித்திருக்கிறார்கள். அந்த வழியில் வேகமாக நடக்கவே முடியாது. இரயில் நிலைய நடைமேடையில் வாழ்நாள் முழுவதும் விரைந்து நடந்து பழகிய எங்கள் கால்களுக்கு அது ஒரு புதுப் பாடம்.

குளக்கரையில் ஒரு திண்ணையில் அமர்ந்து, மைத்துனர் சொன்ன வரலாற்றைக் கேட்டோம். சீன மொழி பேசவும் ஓரளவு படிக்கவும் கற்றவர் அவர். பின்னர் நாங்களும் நூல்களில் தேடிப் படித்தோம். அதன் சுருக்கம் இது.

1593-இல் மிங் அரச காலத்தில் இதை முதலில் அமைத்தவர் ஷூ தைஷி என்ற அதிகாரி. அரசாங்கக் குதிரைகளைக் கவனிக்கும் துறையில் உயர்பதவி வகித்து, பதவி இழந்து, ஊர் திரும்பியவர். அப்போது இதன் பெயர் கீழைச் சோலை. இருநூறு ஆண்டு கழித்து, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், லியு ஷு என்பவர் கைக்கு வந்தது. அவருக்குக் கற்கள் என்றால் உயிர். ஏரியின் அலை அரித்துத் துளைத்த விசித்திரமான பாறைகளைத் தேடிக் கொணர்ந்து நட்டார். சோலையைப் புதுப்பித்து அழகான பெயர் ஒன்றும் வைத்தார். ஆனால் ஊரார் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. 'லியு வீட்டுச் சோலை' என்றே சொன்னார்கள். நம்மூரில் வீட்டுக்கு என்ன பெயர் பொறித்தாலும், 'மேலத்தெரு வாத்தியார் வீடு' என்று ஊர் சொல்வதில்லையா, அதுபோல.

1860-இல் தைப்பிங் போர் சூசோவை எட்டியது. மேற்கு வாசலுக்கு வெளியே இருந்த செல்வம் கொழித்த கடைவீதிகள் எரிந்து சாம்பலாயின. இந்தச் சோலை மட்டும் தப்பி நின்றது. 1873-இல் ஷெங் காங் என்பவர் அதை விலைக்கு வாங்கிப் பழுது பார்த்தார். புதிய சொந்தக்காரர் தம் பெயரை வைப்பதுதான் உலக வழக்கம். ஆனால் ஊரார் நாவில் எழுபது எண்பது ஆண்டாகப் பழகிய 'லியு'வை அவர் அகற்ற விரும்பவில்லை. முந்தின குடும்பத்தின் பெயரிலேயே தம் சோலை விளங்கவும் அவருக்கு மனமில்லை. என்ன செய்தார் தெரியுமா? ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மாற்றினார். சீன மொழியில் 'லியு' என்று ஒலிக்கும் எழுத்துக்கள் பல. குடும்பப் பெயரான 'லியு'வை எடுத்துவிட்டு, 'தங்குதல், நிலைத்தல்' என்று பொருள்படும் 'லியு'வை வைத்தார். நெருப்பிலும் தங்கிய சோலை. வருபவரைத் தங்கச் செய்யும் சோலை. ஊரார் வாயில் ஒன்றும் மாறவில்லை. பொருள் மட்டும் புதிதாயிற்று.

மைத்துனர் ஒரு காகிதத்தில் இரண்டு எழுத்தையும் பழைய முறையில் எழுதிக் காட்டினார். இரண்டுக்கும் மேற்பகுதி ஒன்றே. குடும்பப் பெயரில் அதன் கீழே உலோகத்தைக் குறிக்கும் உறுப்பும் பக்கத்தில் கத்தியைக் குறிக்கும் உறுப்பும் இருக்கின்றன. தங்குதலைக் குறிக்கும் எழுத்தில் அவை இல்லை. கீழே வயல் இருக்கிறது. ஒரு சதுரம், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. வரப்பு போட்ட நான்கு பாத்தி. கத்தி போய் வயல் வந்தது என்று நாங்கள் வியந்துகொண்டிருந்தோம்.

மகள் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "வேறே எழுத்தில் எழுதினதற்கு அவரை யாரும் திட்டவில்லையா, மாமா?"

மைத்துனருக்கு விஷயம் தெரியாது. "எதற்குத் திட்டவேண்டும்? அதனால்தானே அந்தப் பேர் இன்னும் இருக்கிறது" என்று சிரித்தார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குளத்தில் செந்நிற மீன்கள் இருந்தன, அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேச்சை மாற்றுவதற்கு இரயில் உதவிற்று. ஷெங் காங்கின் மகன் ஷெங் சுவான்ஹுவாய் யார் என்று நினைக்கிறீர்கள்? சீன இரயில்வேயின் பெருந்தலைவர்! 1896 முதல் அந்நாட்டு இரயில்வேக் கம்பெனியை நடத்தியவர். நாங்கள் வந்த ஷாங்காய்-நான்கிங் பாதைக்கு 1903-இல் பிரிட்டிஷாரோடு கடன் ஒப்பந்தம் செய்தவரும் அவரே. 1908-இல் அப்பாதை முழுமை பெற்றது. 1911-இல் அமைச்சராக இருந்து, மாநிலங்களில் தனியார் பணத்தில் தொடங்கிய இரயில் பாதைகளை அரசுடைமை ஆக்கினார். பங்குப் பணம் போட்ட மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சி அவ்வாண்டு அக்டோபரில் மூண்ட புரட்சிக்கு வழி திறக்க, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட முடியாட்சி சில மாதங்களில் மறைந்தது. ஒரு இரயில்வே உத்தரவுக்கு இத்தனை வலிமை உண்டா என்று வியந்தோம். அமைச்சர் ஜப்பானுக்கு ஓடினார். சோலை எங்கும் ஓட இயலாதே. அது இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் பெயர் தங்கினால் மட்டும் சோலை தங்கிவிடுமா? தங்கவில்லை என்பதே அடுத்த செய்தி. 1937-இல் ஜப்பானியப் படை சூசோவைப் பிடித்தது. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் கவனிப்பார் இன்றிச் சோலை பாழாயிற்று. படைகள் அதில் தங்கின. சூசோச் சோலைகளில் உள்ள மண்டபங்களுள் பெரியதும் நன்மு என்னும் அரிய மரத்தால் ஆனதுமான ஐந்து சிகர மண்டபத்தில் குதிரைகளைக் கட்டினார்கள். அவை தூண்களைக் கடித்துக் கடித்து, தூண் இடை சிறுத்துச் சுரைக்குடுக்கை போல் ஆகிவிட்டது என்கிறார்கள். குதிரைத் துறை அதிகாரி ஒருவர் தொடங்கிய சோலையைக் குதிரைகளே தின்ற விந்தையை என்னென்பது! கதவில்லை, சன்னலில்லை, கூரையில் ஓடில்லை. வடபக்கத்துக் கட்டடங்கள் அடியோடு போயின.

1953-இல் நகர நிர்வாகம் பழுது பார்க்கத் துணிந்தது. அப்பணிக்கு முன்னின்றவர் ஷியே ஷியாவ்சி என்னும் ஓவியர். 1905-இல் பிறந்த அவருக்குச் சூசோ சொந்த ஊர் அன்று. தென்மேற்கே வெகு தொலைவில் உள்ள குய்சோ மாநிலத்தின் குய்யாங் நகரம் அவர் பிறந்த இடம். வந்து குடியேறிய ஊரின் சோலைகளைப் பிறந்த ஊர்ச் சொத்தைப் போலக் காத்து, நூறு வயதைக் கடந்து, 2008-இல் மறைந்தார். நம்மைப் போன்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பெயர் இது என்று தோன்றுகிறது.

கையில் இருந்த பணம் குறைவு. புதுமரம் வாங்கிப் புதிதாய்ச் செதுக்கினால் கட்டுப்படியாகாது. ஆகவே நகரில் இடிந்துகொண்டிருந்த பழைய மாளிகைகளின் கதவுகளையும் சன்னல்களையும் மரவேலைகளையும் மலிவாக வாங்கி, பொருந்திய இடத்தில் பொருத்தினார்கள். 1954-இல் சோலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1961-இல் நாட்டின் முதல் பாதுகாப்புச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று நாம் தொட்டுப் பார்க்கும் கதவு இந்த வீட்டுக் கதவாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் இந்த ஊரின் கதவு. போன வடபக்கத்தைப் போனதாகவே ஒப்புக்கொண்டு, பழையதுபோல் ஒரு போலியைக் கட்டாமல், அங்கே தொட்டிகளில் குறுமரங்களை வளர்த்திருக்கிறார்கள். அந்த நேர்மையும் எங்களுக்குப் பிடித்தது.

பழுது பார்க்கும் வேலை அன்றோடு முடிந்ததன்று, இன்றும் நடக்கிறது. ஏரிக்கரையிலுள்ள சியாங்ஷான் பகுதிக் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக இத்தொழில் செய்கிறார்கள். சீனத்து மரச்சட்டக் கட்டடக் கலையை 2009-இல் யுனெஸ்கோ மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்தபோது இவர்கள் கலையும் அதில் அடங்கிற்று. ஒரு தூணின் அடி இற்றுப்போனால் தூணை எறிவதில்லை. இற்ற பகுதியை மட்டும் அறுத்து, புதுமரத்தைக் கொழுவி இணைத்து, மேற்பகுதியைப் பழையபடி நிற்க வைக்கிறார்கள். சுவருக்குச் சுண்ணாம்பில் ஊறிய காகிதக் கூழைக் கலந்து பூசுகிறார்கள். மரத்துக்குத் தூங் மரத்து வித்தின் எண்ணெய். மழையும் ஈரமும் மிகுந்த ஊராகையால் இவ்வேலைக்கு ஓய்வு என்பதே இல்லை. இரயில் பாதையும் அப்படித்தான் அன்றோ? போட்டு முடித்த பாதை என்று உலகத்தில் ஒன்றில்லை. நாள்தோறும் சுத்தியலோடு நடப்பவன் இருக்கும்வரைதான் பாதை.

இந்தத் தொழிலுக்கு ஒரு நூல் உண்டு. ஜி செங் என்னும் சோலை அமைப்பாளர் 1631-இல் எழுதி முடித்தது. அந்நூல் பிறந்த நாட்டில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஜப்பானில் அது தங்கியிருந்தது. அங்கிருந்த படிகளின் துணையால் 1930-களில் சீனாவில் மறுபடி அச்சேறியது. ஒரு பொருள் தன் வீட்டில் அழிந்து, போன இடத்தில் உயிரோடு இருப்பதும் உண்டு. பிறகு வீட்டுக்குத் திரும்புவதும் உண்டு.

இனி, எங்களால் மறக்க முடியாத காட்சிக்கு வருகிறோம். ஒரு சிறு முற்றத்தின் தரையை வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவர் குந்தியபடி செப்பனிட்டுக்கொண்டிருந்தார். அங்கே தரை பாவுவதற்கு வழுவழுப்பான கூழாங்கல்லும், விளிம்பில் நிறுத்திய ஓட்டுத் துண்டும், உடைந்த பீங்கான் சில்லும் போதும். அவற்றைக் கொண்டே பூவும் பறவையும் மீனும் வரைகிறார்கள். அவர் பக்கத்தில் இரண்டு வாளி; ஒன்றில் கல், ஒன்றில் சில்லு. மகள் அருகே போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். வாளியிலிருந்து நீலச் சில்லு ஒன்றும் பழுப்புச் சில்லு ஒன்றும் எடுத்து இரு கையிலும் நீட்டினார். மகள் நீலத்தைத் தொட்டாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பூவின் ஓர் இதழில் வைத்து, மரச்சுத்தியால் மெல்லத் தட்டினார்.

"உடைந்ததை எறிய மாட்டார்களா? கேளுங்கள் மாமா" என்றாள். மைத்துனர் கேட்டுச் சொன்னார். அவர் சொன்ன விடை இதுதான்: "முழுக் கிண்ணம் இந்த வேலைக்கு உதவாது. உடைந்ததுதான் தரையில் பொருந்தும்."

அங்கிருந்து கிழக்கே போனால் 'மேகம் தொடும் சிகரம்' என்னும் ஒற்றைக் கல் நிற்கிறது. 6.5 மீட்டர் உயரம். தைஹூ ஏரிக் கல். மெலிவு, சுருக்கம், துளை, ஊடுருவும் ஒளி ஆகியவை இத்தகைய கல்லுக்கு அழகாம். நம் கண்ணுக்குக் குறை என்று படுவதெல்லாம் அங்கே இலக்கணம். அதைப் பார்த்துவிட்டு, திரும்பி மேற்குக் குன்றின்மேல் உள்ள சிறு மண்டபத்துக்கு ஏறினோம். ஏறும்போதே ஒரு மணம். பழுத்த பழத்தின் இனிப்பும் பூவின் குளிர்ச்சியும் கலந்தது. மரம் எங்கே என்று தேடினால், இலைக்கடியில் கடுகு போன்ற பொன்னிறப் பூக்கள். ஆஸ்மாந்தஸ் என்கிறார்கள். சூசோ நகரத்தின் மலர் அதுவே. இலையுதிர் காலத்தில் அந்த மணத்தை முகர்வதற்கென்றே அந்த மண்டபத்தைக் கட்டியிருக்கிறார்கள். கீழே குளம், அதன் அக்கரையில் வெள்ளைச் சுவர், எங்கிருந்தோ நரம்பிசை. அரை மணி நேரம் நாங்கள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கோபம் வருவதற்கு இடமில்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்தால், பழைய கோபம் எத்தனை சிறியது என்பது தானே தெரிந்துவிடுகிறது.

வாசலில் சோலையின் படம் போட்ட அஞ்சலட்டை விற்றார்கள். ஒன்றை வாங்கி மகள் கையில் கொடுத்தோம். "பாட்டிக்கு எழுது" என்றோம்.

அவள் அட்டையை வாங்கவில்லை. "எந்த எழுத்தில்?" என்று கேட்டாள்.

"உனக்கு வருகிற எழுத்தில்."

எழுதினாள். மீன்களைப் பற்றியும் நீலச் சில்லைப் பற்றியும் இரண்டு அங்குல இடத்தில் நெருக்கி நெருக்கி இந்தி எழுத்தில் தமிழ் எழுதினாள். விலாசத்தை நாங்கள் எழுதினோம். அட்டை ஊர் போய்ச் சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. நாங்கள் அதற்கு முன்பே திரும்பிவிட்டோம்.

கார்த்திகை மாதம் தாயாரிடமிருந்து மறுமொழி வந்தது, பேத்தி பெயருக்கு. தாயார் இந்தி படித்தவர் அல்லர். முப்பது ஆண்டுக் கரக்பூர் வாழ்க்கையில் நிலையத்துப் பெயர்ப்பலகையையும் ரேஷன் கடைப் பலகையையும் எழுத்துக் கூட்டிக் கூட்டி அறிந்த அளவுதான். அந்த அறிவைக் கொண்டு அவர் செய்திருந்த வேலையைப் பார்த்துப் பிரமித்தோம். பெரிய பெரிய தமிழ் எழுத்தில் ஒரு வரி. அதற்கு நேர் கீழே, எழுத்துக்கு எழுத்து, இந்தியில் அதே வரி. நிலையப் பலகை போலவே இருந்தது. 'வாழைப்பழம்' என்று எழுதிய இடத்தில் இரண்டு ழகரத்துக்கும் கீழே எழுத்தில்லை. சிறு வட்டம் போட்டிருந்தார். ஓரத்தில் ஒரு குறிப்பு: "இதற்கு அந்த எழுத்தில் ஆள் இல்லையடி. உன் அப்பாவைச் சொல்லச் சொல்லிக் காதால் வாங்கிக்கொள்."

அன்று மாலை நாங்கள் ழகரம் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்த எங்களுக்கு, வீட்டில் உட்கார்ந்து குழந்தைக்கு ஓர் எழுத்துச் சொல்லிக் கொடுத்தது அதுவே முதல் முறை.

கடிதங்கள் தொடர்ந்தன. 2020 மார்ச்சில் பயணி இரயில்களெல்லாம் நின்றன, தபாலும் தடைப்பட்டது. அப்போதும் தாயார் எழுதி, தம் தம்பி மகனைக் கொண்டு கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார். 2021-இல் அவர் காலமானார். எங்கள் பெட்டியில் இருப்பவை மொத்தம் இருபத்து மூன்று கடிதங்கள். வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. முதற் கடிதங்களில் எல்லா எழுத்துக்கும் கீழே இந்தி இருக்கிறது. சில மாதங்கள் கழித்துக் கடினமான எழுத்துக்களுக்கு மட்டும். கடைசி ஆறு கடிதங்களில் இந்தி இல்லவே இல்லை. மகள் அதைக் கவனிக்கவே இல்லையாம். "பாட்டி எப்போது நிறுத்தினார்கள்?" என்று எங்களைக் கேட்கிறாள்.

காரியத்துக்கு ஊர் போனபோது தாயாரின் தகரப் பெட்டியைத் திறந்தோம். புடவைக்கு அடியில் ஒரு தாள். மூலையில் பூனை. நான்கு துண்டையும் சோற்றுப் பசையால் பின்புறம் காகிதம் வைத்து ஒட்டியிருந்தார். ஒட்டு அப்படியே தெரிந்தது, மறைக்க முயலவில்லை. எங்களில் கிழித்தவர் எறிந்த துண்டுகளை மற்றவர் பொறுக்கி, சொல்லாமல் தபாலில் அனுப்பியிருக்கிறார். இரண்டு வருஷம் அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, தாயாரும் சொல்லவில்லை.

மகளுக்கு இப்போது தமிழ் எழுத வரும். ரகரத்துக்கும் றகரத்துக்கும் இன்னும் சண்டைதான். நாங்கள் சிவப்பு மையை எடுப்பதில்லை. இற்ற இடத்தை மட்டும் மாற்றினால் போதும், தூணை எறிய வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் குழந்தைகள் வேறு எழுத்தில் தமிழ் எழுதுகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். பெற்றோர் வருந்துவதும் இயல்பே. அவர்களுக்கு எங்களால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். ஒலி வீட்டில் தங்கியிருக்குமானால் எழுத்தைப் பின்னால் கொண்டுவந்து சேர்க்கலாம். ஆனால் அது தானாக வந்து சேராது. வீட்டில் ஒருவர் தினமும் அருகே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு சில்லாக எடுத்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதைச் செய்தவர் போய்விட்டார். வாளி இப்போது எங்கள் பக்கத்தில் இருக்கிறது.